சூடு மாற்று

தப்பு என்று தெரிந்தே எல்லாரும் செய்கிற காரியத்துக்குச் சீக்கிரமே ஒரு செல்லப் பேர் வந்துவிடும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் அதற்குச் சூடு மாற்று என்று பேர்.

விஷயம் இதுதான். ஷவல் என்கிற அந்த ராட்சத மண்வாரும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, தூசியைத் தின்றுகொண்டே ஓட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது ஆபரேட்டர் குழியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் வலது கையில் விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஓர் உறை. இங்கே அவர் கையை மடக்கினால் அங்கே நாற்பது அடி இரும்புக் கை மடங்கும். இங்கே விரலைக் குவித்தால் அங்கே பக்கெட் மண்ணை அள்ளும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கெட்டின் பல்லில் படுகிறது எதுவோ அது இவர் விரலிலும் படும். களிமண் வழுக்கும், பாறை இடிக்கும். குழியில் எந்நேரமும் தூசி மூடிக் கிடப்பதால் கேமரா பாதி நேரம் குருடுதான். அதனால் ஆபரேட்டர்கள் கண்ணை நம்புவதை விட்டுக் கையை நம்பக் கற்றுக்கொண்டார்கள்.

நரம்பில் ஏறிய இந்த உணர்வு சட்டென்று இறங்காது. எட்டு மணி நேரம் ஓட்டியவரின் கையிலும் உறையிலும் கடைசிச் சில நிமிடங்களின் தடம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைத்தான் சூடு என்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் ஷவலை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சூட்டை ஆற்ற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும். ஷவல் கால் மணி நேரம் நின்றால் ஆளில்லா டிப்பர்கள் வரிசையில் நிற்கும். டிப்பர் நின்றால் சூப்பர்வைசர் மதியழகனுக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். அதனால் யாரும் ஆற்றுவதில்லை. போகிறவர் கழற்றிய உறையை வருகிறவர் அப்படியே மாட்டிக்கொள்வார். முன்னவர் கடைசியாகத் தொட்டதெல்லாம் இவர் கையில் ஒரு தடவை ஓடி அடங்கும். சில நாள் எதிரொலி மாதிரி இரண்டாவது தடவையும் ஓடும். மாட்டிய முதல் நிமிடத்தில் ஏறுவது மட்டும் கையில் ஆழமாகப் பதிந்து, அடுத்த முறை உறையை மாட்டும்வரை அடியில் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். பழகியவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஓடிவிட்டுப் போகட்டும் என்று வேலையை ஆரம்பித்துவிடுவார்கள்.

கொளஞ்சிநாதன் பதினொரு வருடம் பழகியவன். மதியம் இரண்டு மணிக்கு அவன் உறையை வாங்குவது பெரியநாயகத்திடமிருந்து. பெரியநாயகத்துக்கு ஐம்பத்தொன்று, இவனுக்கு நாற்பத்திரண்டு. அண்ணன் சூடு என்றால் கொளஞ்சிக்கு ஒரு ருசி. மண் எங்கே இளகியிருக்கிறது, பாறை எந்தப் பக்கம் முட்டுகிறது என்று யாரும் வாயைத் திறக்காமலே கைக்கு வந்து சேர்ந்துவிடும். பொண்டாட்டியோடு பேசியதைவிட அவரோடு கையால் பேசியது அதிகம் என்று விருதாம்பாளையே சீண்டுவான். அவளும் அப்படியானால் சோற்றையும் அவரையே போடச் சொல்லு என்பாள்.

குழிக்குள் ஷவலுக்குத் துணையாக ஓர் ஆள் உண்டு. சிக்னல்காரர் என்பார்கள். இந்த ஷவலுக்குப் பகல் முழுதும் தெய்வசிகாமணி. அந்த இரைச்சலில் வாக்கி-டாக்கி உபயோகப்படாது என்று இவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தெய்வசிகாமணி கையில் ஓர் இரும்புக் கம்பி. அதால் பக்கெட் பல்லில் ஒரு தட்டு தட்டினால் அள்ளு, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் நிறுத்து. மண் இளகிய இடத்தில் தட்டுக்குக் காத்திராமல் ஆபரேட்டரே மணிக்கணக்கில் அள்ளுவதும் உண்டு. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு விரல் முட்டியில் தட்டுவது போல இருக்கும். ஷிஃப்ட் முடிகிறபோது பக்கெட்டைத் தரையில் வைத்ததும் அவர் நிதானமாக மூன்று தட்டு தட்டி முடித்து வைப்பார். ஆகவே சூட்டோடு உறையை மாட்டுகிறவன் கையில் கடைசியாக வருவது எப்போதும் அந்த மூன்று தட்டுதான்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மதியழகன் அறைக்குள் தலையை நீட்டி, டிப்பர் வரிசை பெரிதாக நிற்கிறது, இன்றைக்கு ஆற்ற வேண்டாம், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். என்றைக்குத்தான் ஆற்றினோம், இதை எதற்கு வந்து சொல்கிறான் என்று கொளஞ்சிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பெரியநாயகம் சர்க்கரைக்காரர். ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வர, உறையை உருவி இவன் மடியில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார்.

கொளஞ்சி மாட்டினான். சூடு ஓடியது. களிமண், அப்புறம் ஒரு பாறை விளிம்பு, அப்புறம் தரை, தட்டு. விரலைக் குவித்துக் கையைத் தூக்கினான். தட்டு மறுபடி ஓடியது, கொஞ்சம் அவசரமாக. அதோடு நடுவிரல் நுனியை எதுவோ பிடித்துக்கொண்டது போல இருந்தது. இன்றைக்கு அண்ணன் சூடு உரப்பாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கையை மண்சரிவில் இறக்கி முதல் பக்கெட்டை அள்ளி டிப்பரில் கொட்டினான். அதற்குப் பிறகு சாதாரண நாள்தான்.

மூன்றரை மணிக்குத்தான் தட்டு வரவே இல்லையே என்று உறைத்தது. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். குழியில் தெய்வசிகாமணி இல்லை. அவருடைய தூக்குச்சட்டி கொட்டகையில் ஆணியில் தொங்கியது. பின்பக்கத்து முள்வேலி வழியாகப் போயிருப்பார், முன்பு ஒரு தரம் வீட்டில் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன ஆள்தானே என்று ஆபீசில் சொன்னார்கள். சொன்னவன் மதியழகன். சொல்லும்போது அவன் கண் தரையைப் பார்த்தது.

தெய்வசிகாமணியின் மனைவி தையல்நாயகி அதே குழியின் கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவள். ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தபோது அவள் கேட்டில் நின்றாள். கொளஞ்சியைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"கோவிச்சிக்கிட்டுப் போற ஆளாண்ணே அது? காலையிலகூடச் சிரிச்சிக்கிட்டே போனாரு. இனிமே ரெண்டு மணிக்குக் கால் மணி நேரம் மிஷினு நிக்குமாம், குழிக் கொட்டாயில நோட்டீஸ் ஒட்டிட்டாங்களாம், பல்லு இடுக்குல கல்லு எடுக்க இனி அவதியில்லன்னு சொல்லிட்டுப் போனாரு."

வந்துவிடுவார் என்று என்னமோ சொல்லி அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தான் கொளஞ்சி. சோற்றில் கை வைத்தான். கை சும்மா இருக்கும்போதுதான் சூடு நன்றாக ஓடும். களிமண், பாறை, தரை. தட்டு. தட்டுகள் நிதானமாக இல்லை, தீப்பிடித்த வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி இருந்தன. அப்புறம் நடுவிரல் நுனியில் ஒரு பிடி. ஐந்து விரலின் பிடி. அது இரண்டு மூன்று நொடி இறுகி, அப்புறம் மண் வந்து விழுந்து, இல்லாமல் போயிற்று.

சோற்றுத் தட்டை அப்படியே தள்ளினான். விருதாம்பாள் என்னய்யா என்று கேட்டதற்கு, தெய்வசிகாமணி செத்துட்டாருடி, என் கையில இருக்காரு என்றான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவன் கணக்கு நேராகத்தான் இருந்தது. நிறுத்து என்று தட்டியிருக்கிறார். அண்ணன் நிறுத்தவில்லை. ஒண்ணுக்கு அவசரத்தில் கடைசி ஒரு பக்கெட்டை வாரிக் கொட்டிவிட்டு, உறையை என் மடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டார். பதினொரு வருடம் ருசித்து வாங்கிய அந்தச் சூட்டின்மேல் அவனுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை மதியழகனிடம் போனான். மதியழகன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான். பதிவில் ஷவலின் ஓட்டமும் எடையும்தான் இருக்கும், தொட்டது இருக்காது. அந்த ஓட்டமும் இரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து இரண்டேகால் வரைக்கும் ஓய்வு என்று இருக்கிறது. ஆற்றாமல் ஆற்றியதாகக் காட்ட, தினமும் அவனே பதிவை அப்படித் திருத்தி வைப்பான். காகிதத்தில் ஷவல் தூங்கிக்கொண்டிருக்கும், குழியில் தோண்டிக்கொண்டிருக்கும். ஊரறிந்த ரகசியம் அது.

"நின்னுக்கிட்டு இருந்த மிஷினு ஆளைக் கொன்னுச்சுன்னு யாரு நம்புவா கொளஞ்சி? சூடு மாத்தினேன்னு நீயே வாயால சொன்னா உன் லைசென்சும் போவும், அவரு லைசென்சும் போவும். பேசாம உள்ள வா, நர்ஸ் இருக்கு, கையை ஆத்திட்டுப் போ. நல்லாத் தூங்கலாம்."

கொளஞ்சி வலது கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். இந்தக் கையை ஆற்றினால் சூடு போய்விடும். இன்னொரு ஷிஃப்ட் ஓட்டினாலும் புதிய சூடு ஏறிப் பழையதை அழித்துவிடும். தெய்வசிகாமணி என்கிற மனுஷர் குழிக்குள்தான் செத்தார் என்பதற்கு உலகத்திலேயே இந்த ஒரு கைதான் சாட்சி. அந்த இருபது நிமிடத்தில் ஏழு டிப்பர் போயிருக்கிறது, நான்கு மண்மேட்டுக்கு. எந்த மேட்டில் தோண்டினால் அவர் கிடைப்பார் என்பதும் இந்தக் கைக்குள்தான் இருக்கிறது. மேட்டுக்கு மேல் மேடாக தினமும் மண் விழுந்துகொண்டிருந்தது.

போலீசிலும் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளரிடமும் புகார் கொடுத்தான். திருச்சியில் கைச்சூட்டைப் படிக்கிற மையம் ஒன்று இருந்தது. ஒன்பதாவது நாள் வரச் சொன்னார்கள். அதற்குமுன் நாள் இல்லையாம். சூடு அதுவரை தாங்குமா என்று கேட்டான். கையை அசைக்காமல், வேலை செய்யாமல், வெந்நீர் ஊற்றாமல் வைத்திருந்தால் தாங்கலாம் என்று போனில் ஒரு பெண் குரல் சொன்னது.

ஒன்பது நாள். சொல்லும்போது சின்ன எண்ணிக்கைதான். துண்டைத் தொட்டில் மாதிரி கழுத்தில் கட்டி அதில் கையைப் போட்டுக்கொண்டான். இடது கையால் சாப்பிட மனசு வராமல் விருதாம்பாள் ஊட்டிவிட்டாள். கை அசையாமல் இருக்க இருக்கச் சூடு ஓடியது. ஒரு நாளைக்கு நூறு தடவை தெய்வசிகாமணி தட்டினார், பிடித்தார், போனார். கண்ணை மூட முடியவில்லை. நாலாம் நாள் கையை வெட்டிப் போடு என்று விருதாம்பாளிடம் கத்தினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்.

தையல்நாயகியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னான். உன் வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்லித் தட்டினார், பெரியநாயகம் நிறுத்தவில்லை என்று சொன்னான். அவள் கேட்டுவிட்டு எழுந்தாள். நேரே பெரியநாயகம் தெருவுக்குப் போனாள். அந்த வீட்டு வாசலில் நின்று மூன்று பிடி மண்ணை வாரித் தூற்றினாள். வயிறெரிந்து ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீடு விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நிச்சயம் பண்ணியிருந்த பெரியநாயகத்தின் மகள் கல்யாணம் மறுநாளே தள்ளிப்போயிற்று.

அடுத்த நாள் மதியம் பெரியநாயகம் கொளஞ்சி வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் கொளஞ்சி எழுந்து நின்றான். அவர் உட்காரக்கூட இல்லை. சவரம் பண்ணாத முகம். அன்றைக்கே தோல் அரிக்கிறது என்று நர்சிடம் போய்க் கையை ஆற்றிவிட்டாராம். அவர் கையில் இப்போது படிக்க ஒன்றுமில்லை.

"பக்கெட்ட எறக்கி வெச்சேன்னுதான்டா நெனக்கிறேன்," என்றார். "அவன் மூணு தட்டு தட்டினான், நான் கழட்டினேன். அப்படித்தான் ஞாபகம். ஆனா தெனமும் அப்படித்தான நடக்குது? அன்னைக்கு நடந்ததா, முந்தாநாள் நடந்ததான்னு இப்பக் கேட்டா என்னால சத்தியம் பண்ண முடியல. முட்டிக்கிட்டு வந்துச்சு, புத்தி அங்க இல்ல. நீ சொல்லு தம்பி. உன் கை என்னா சொல்லுது?"

"தட்டியிருக்காருண்ணே. நீ தூக்கியிருக்க."

பெரியநாயகம் அவன் துண்டில் கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் கை பொய் சொல்லாது. பதினொரு வருசமாப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நேரே ஸ்டேஷனுக்குப் போய், கவனக்குறைவில் நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஓர் ஊழியரின் தனிப்பட்ட தவறு என்று இரண்டு வரியில் அறிக்கை விட்டது. மதியழகன்கூடக் கொளஞ்சியைப் பார்த்து, இனியாவது ஆற்றிவிடேன், அதுதான் ஒப்புக்கொண்டாரே என்றான். பிணம் கிடைக்கிறவரை ஆற்றமாட்டேன் என்றான் கொளஞ்சி. அதைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைத் தூக்கிச் சுமக்கிற மனுஷன் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாவது நாள் தையல்நாயகியும் அவனோடு திருச்சிக்கு வந்தாள். அவரை எங்கே போட்டிருக்கிறது என்று தெரிந்த நிமிடமே தனக்கும் தெரிய வேண்டும் என்றாள். பஸ்ஸில் யாரும் கையில் இடித்துவிடாமல் ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்து, இவள் அணை மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மையத்து ஆய்வாளர் மெகருன்னிசாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அளந்து பேசுகிறவர். தையல்நாயகியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கொளஞ்சியின் கையில் மெல்லிய கம்பி வலை ஒன்றைச் சுற்றினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரையில் அலை அலையாகக் கோடுகள் ஓடின. பார்த்துக்கொண்டே இருந்தவர், நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொளஞ்சிநாதன், உங்க புகார்ல எத்தனை தட்டுன்னு எழுதியிருக்கீங்க?"

"மூணு மேடம். மூணுன்னா நிறுத்து."

"இதுல ஆறு இருக்கு."

அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. சூடு சில சமயம் இரண்டு தரம் ஓடும் மேடம், எதிரொலி மாதிரி, எங்களுக்கெல்லாம் பழக்கம்தான் என்று விளக்கினான்.

"எதிரொலின்னா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். முதல் மூணு தட்டு நிதானமா, ஒரே இடைவெளியில இருக்கு. ரெண்டாவது மூணு அப்படி இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்னும் இருக்கு. அடுத்தவங்ககிட்டேருந்து வாங்கின சூட்டுல தொட்ட உணர்ச்சி மட்டும்தான் வரும். கையைத் தூக்குன்னு மூளை சொன்ன கட்டளை வராது. அது அவங்கவங்க நரம்புலயே நின்னுடும். முதல் மூணு தட்டுல கட்டளை இல்ல, உணர்ச்சி மட்டும்தான். அது பெரியநாயகம் கொடுத்தது. பக்கெட் தரையில இருக்கு, அவரு நிறுத்திட்டாரு. அதுக்கு அப்புறம் வர்ற மூணு தட்டுல கட்டளை கூடவே இருக்கு. பக்கெட் மேல போய்க்கிட்டு இருக்கு."

கொளஞ்சி திரையைப் பார்த்தான். அதில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோடுகள்தான் தெரிந்தன.

"அந்தப் பிடியும் அதுலதான் வருது," என்றார் மெகருன்னிசா. "குழிக் கொட்டகையில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, ரெண்டு மணியிலேருந்து கால் மணி நேரம் மிஷின் முழு ஓய்வு, பல் சுத்தம் பண்ணிக்கலாம்னு. நானே குழிக்குப் போயி படம் எடுத்து வெச்சிருக்கேன். உங்க ஆபரேட்டர் ரூம்ல அது ஒட்டல. அவரு நம்பி பக்கெட்டுக்குள்ள ஏறியிருக்கணும்."

நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மதியழகன் சொன்னது எதை என்று கொளஞ்சிக்கு இப்போது தெரிந்தது. ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. உள்ளே இருந்த மனுஷர், தூக்கியதும் பதறி, நிறுத்து என்று தட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் அதைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். கேட்டான். உறையை மாட்டிய முதல் நிமிடத்தில் வருகிறதெல்லாம் அடுத்தவன் சூடு என்று பதினொரு வருடமாகத் தள்ளிவிட்டே பழகிய கை, அதையும் தள்ளிவிட்டது. பல்லைப் பிடித்த ஐந்து விரலையும் தள்ளிவிட்டது. அப்புறம் மண்ணில் இறக்கி அள்ளியது.

கையில் சுற்றியிருந்த கம்பி வலையை இடது கையால் பிய்த்துப் போட்டுவிட்டு, கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டான். மெகருன்னிசா வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார்.

"இதை நான் சொல்லியே ஆகணும். ஒருத்தர் உடம்புல இருக்கிற நினைவு அவருக்குச் சொந்தம்னு சட்டம். இதுல எதை அரசாங்கத்துக்குக் குடுக்குறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உடம்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, கை எந்தப் பக்கம் வீசுச்சு, எத்தனையாவது டிப்பர்ங்கிற பகுதி போதும். வடக்கு மேடு, முதல் டிப்பர். அதை மட்டும் குடுத்தா நாளைக்கே தோண்ட உத்தரவு வாங்கிடலாம். மீதியைக் குடுக்கலேன்னா, இன்னைக்கே அழிச்சுடுவோம். நான் பார்த்ததை எங்கேயும் சொல்லக் கூடாது. முழுசும் குடுத்தா முழுசும் கோர்ட்டுக்குப் போகும்."

"பெரியநாயகம் அண்ணன்?"

"அவரு எழுதிக் குடுத்துட்டாரே. இது போகலேன்னா அதுதான் நிக்கும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

கொளஞ்சி அப்போது நினைத்ததையெல்லாம் நல்ல மனுஷன் நினைக்கமாட்டான் என்று சொல்லிவிட முடியாது. நல்ல மனுஷனும் நினைப்பான். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, நமக்கு இன்னும் பதினாறு வருட சர்வீஸ் என்று நினைத்தான். வேண்டுமென்றா செய்தேன் என்று நினைத்தான். பிணம் கிடைத்தால் போதாதா, அந்தப் பெண்ணுக்கு அதுதானே வேண்டும் என்று நினைத்தான். விருதாம்பாள் முகம் வந்தது. அழித்துவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம் என்பது எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. பேனா மேசைமேல் இருந்தது. இடம் மட்டும், முழுவதும் என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனான்.

கதவு திறந்தது. எவ்வளவு நேரம்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் அவள்.

"எடம் தெரிஞ்சுதாம்மா?" என்று ஆய்வாளரைக் கேட்டாள் தையல்நாயகி.

தெரிந்துவிட்டது, வடக்கு மேடு, நாளைக்குத் தோண்டலாம் என்றார் அவர். தையல்நாயகி தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். கொளஞ்சியிடம் வந்து, அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்கு உடம்பு எப்படி வரும்னு தெரியாது. மூஞ்சி இருக்குமோ இருக்காதோ. அவரு கடைசியாத் தொட்டது இந்தக் கையிலதான இருக்கு? ஆத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ புடிச்சிக்கிறேன்."

அவன் பதில் சொல்வதற்குள் துண்டை விலக்கிக் கையை எடுத்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். மாவு புளித்த வாசனை இன்னும் அவள் விரலில் இருந்தது. அவன் நடுவிரலை அவள் தடவினாள், புருஷன் விரலைத் தடவுகிற மாதிரி. ஒன்பது நாளும் ஓயாமல் ஓடிய சூடு அந்த நேரம் பார்த்து ஓடவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"வுடும்மா," என்றான்.

அவள் விடவில்லை.

"தையலு, வுடும்மா. அண்ணன் எறக்கி வெச்சிட்டாரு. நிறுத்திட்டாரு. இந்தக் கைதான் தூக்குச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஆய்வாளரைப் பார்த்தாள். ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அந்தப் பேசாமையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அவரு தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சு."

"மூணும்?"

"மூணும்."

கொளஞ்சி இடது கையால் பேனாவை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் கோணலாக ஒரு கோடு போட்டான். முழுசுமா என்று மெகருன்னிசா கேட்டார். முழுசும் என்றான்.

தையல்நாயகி அவன் கையை மேசைமேல் பத்திரமாக வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து, தன் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.